பினாங்கில் சாலைக்கும் கால்வாய்க்கும் போகும் பணம்: நாம் எங்கே பேசலாம், எப்போது பேசலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. ஓர் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டேன். போனவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அன்று முதல் ரொட்டி சானாய்க் கடையிலும், கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும்போதும், ஒரே கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொல்லி வருகிறேன். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் தீவும் உண்டு, எதிர்க்கரையில் பெருநிலத்துச் செபராங் பிறையும் உண்டு. நான் இருக்கும் பிறைப் பக்கத்து அனுபவத்தை வைத்து எழுதியது இது. தீவில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பட்ஜெட் பற்றிச் சட்டமன்றத்தில் நானே எழுந்து பேச முடியுமா?

முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பொதுமக்கள் பெயர் பதிந்துகொண்டு, சட்டமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, ‘எங்கள் ஊர்ப் பாலத்துக்குப் பணம் ஒதுக்குங்கள்’ என்று இரண்டு மூன்று நிமிடம் சாட்சியம் சொல்லலாம். அதைக் காணொளியில் பார்த்த இளைஞர்கள் இங்கும் அப்படி ஒரு நாற்காலி இருக்கும் என்று நினைக்கிறார்கள். பினாங்கில் அது இல்லை. லைட் ஸ்திரீட்டில் உள்ள சட்டமன்றத்தில் 40 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முதலமைச்சர் ஆண்டின் கடைசியில், பெரும்பாலும் நவம்பர் வாக்கில், வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பார், உறுப்பினர்கள் விவாதிப்பார்கள், நாம் செய்தியில் படிப்போம்.

அதனால்தான் நவம்பரில் கோபப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பந்தி முடிந்து இலையை எடுத்த பிறகு பாயசம் எங்கே என்று கேட்பது போன்றது அது.

பிறகு எங்கே பேசினால் எடுபடும்?

பணம் ஒதுக்குவதற்கு முன்னால், இது எந்த இடத்தில் வரப்போகிறது என்று முடிவு செய்யும் கட்டத்தில். அந்தக் கட்டத்தில் மக்களைக் கேட்டாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

முதலாவது, 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். அலுவலகங்களில் 172ஆம் சட்டம் என்றால்தான் புரியும். இதன்படி மாநிலம் முழுமைக்கும் ஒரு கட்டமைப்புத் திட்டம் வேண்டும். இப்போது நடப்பில் இருப்பது 2019இல் அரசிதழில் வெளியான, 2030 வரைக்குமான திட்டம். அதன் கீழ் தீவுக்கும் செபராங் பிறைக்கும் உள்ளூர்த் திட்டங்கள் வரும். வரைவு தயாரானதும் நாளிதழில் அறிவிப்புப் போட்டு, மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் எழுத அவகாசம் தர வேண்டும். உள்ளூர்த் திட்டத்துக்குக் குறைந்தது நான்கு வாரம். ஆட்சேபம் எழுதியவர் விரும்பினால் விசாரணைக் குழுவின் முன் நேரில் பேசலாம். அமெரிக்கக் காணொளியில் பார்த்த நாற்காலிக்கு இங்கே சமமானது இதுதான். அறிவிப்பு மலாயில் வரும். உள்ளூர்த் திட்டம் என்று பொருள்படும் ‘ரன்சாங்ஙான் தெம்பாத்தான்’ (Rancangan Tempatan) என்ற இரண்டு சொல் கண்ணில் பட்டால் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது, சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வருவது. பெரிய வகைத் திட்டங்களின் அறிக்கையைப் பொதுப்பார்வைக்கு வைத்து எழுத்துமூலக் கருத்துகளைப் பெற வேண்டும்.

மூன்றாவது, ரயில் திட்டங்கள். 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப்போக்குவரத்துச் சட்டப்படி ரயில் தடத்தின் வரைபடங்கள் மூன்று மாதம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் எல்ஆர்டி (இலகு ரயில்) தடம் 2019இல் அப்படி வைக்கப்பட்டது. அப்போது எங்கள் கரையில் இருந்த பலர், ‘அது தீவுக்காரர்கள் சமாசாரம்’ என்று இருந்துவிட்டார்கள். 2024இல் மத்திய அரசாங்கம் அந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டது. முத்தியாரா தடம் என்று பெயர் வந்தது. கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரல் வரை நீளப்போகிறது என்றார்கள். 2025 ஜனவரியில் பணியும் தொடங்கியது. தீவுக்காரர்கள் சமாசாரம் கடல் தாண்டி வர ஆறு ஆண்டுகூட ஆகவில்லை.

மாநகர் மன்றத்தில்?

மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. அவற்றைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்குச் சட்டமன்றம் 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆகவே இன்றும் நியமன உறுப்பினர்கள்தான். ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் தவிர, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தவை என்கிறது. பேச முடியாது, உட்கார்ந்து கேட்கலாம். நான் ஒரு முறை போனேன். பார்வையாளர் பகுதியில் என்னையும் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரையும் தவிர யாரும் இல்லை. ஆனால் எந்த உறுப்பினர் எங்கள் பகுதிக் கால்வாய் பற்றிக் கேட்கிறார், யார் கேட்பதில்லை என்பது ஒரே காலையில் தெரிந்துவிட்டது. அடுத்த கடிதம் சரியான ஆளுக்குப் போனது.

இன்னொரு வழியும் இங்கே இருந்திருக்கிறது. 2012இல் தீவில் ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்பிலும், இந்தக் கரையில் அம்பாங்கான் வீடமைப்பிலும், பாலின நோக்கோடு கூடிய பங்கேற்பு பட்ஜெட் என்ற முன்னோடி முயற்சி நடந்தது. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் முன்னின்று செய்தது. குடியிருப்பவர்களைக் கணக்கெடுத்து, ஆண், பெண், முதியோர், இளையோர் என்று தனித்தனியாக உட்காரவைத்துப் பேசவிட்டு, பிறகு எது முதலில் வேண்டும் என்று வாக்களிக்க வைத்தார்கள். பொதுக்கூட்டத்தில் வாயே திறக்காத பெண்கள் அப்படித் தனியாக உட்காரும்போது எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதை எங்கள் சங்கத்திலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் அடுக்குமாடியில் இப்படி ஒன்று நடந்தால் வேலைக்கு லீவு போட்டாவது போங்கள்.

மேம்பாட்டுச் செலவு என்றால் என்ன?

சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு போன்றவை நிர்வாகச் செலவு. புதிதாகக் கட்டுவது, வாங்குவது, அகலப்படுத்துவது மேம்பாட்டுச் செலவு. அவ்வளவுதான்.

மாநிலத்திடம் அவ்வளவு பணம் இருக்கிறதா?

இல்லை. இதை முதலில் புரிந்துகொண்டால் பாதி மனுக்களை எழுதவே வேண்டியதில்லை. பினாங்கு மாநிலத்தின் ஆண்டுச் செலவு அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு பில்லியன் ரிங்கிட். மத்திய அரசாங்கம் 2025ஆம் ஆண்டுக்கு அறிவித்த வரவு செலவுத் திட்டம் 421 பில்லியன், அதில் மேம்பாட்டுக்கு மட்டும் 86 பில்லியன். வருமான வரி மத்திய அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போகிறது. மாநிலத்துக்குக் கிடைப்பவற்றில் முக்கியமானது நிலத்திலிருந்து வரும் பணம். கடன் வாங்கிக் கட்டலாமே என்றால், அரசமைப்புச் சட்டத்தின் 111ஆம் பிரிவு கையைக் கட்டுகிறது. மத்திய அரசாங்கத்திடம் வாங்கலாம், அல்லது மத்திய அரசாங்கம் ஒப்புக்கொண்ட வங்கியிடம் ஐந்தாண்டுக்கு மிகாமல் வாங்கலாம்.

கையில் இருப்பது நிலம். அதனால்தான் இங்கே பெரிய திட்டம் எதை எடுத்தாலும் அடியில் நிலமோ கடலைத் தூர்த்து உண்டாக்கும் நிலமோ கிடக்கிறது.

அப்படியானால் பட்ஜெட் புத்தகத்தில் வராத செலவும் உண்டா?

உண்டு. கடலடிச் சுரங்கப்பாதையும் மூன்று பெரிய சாலைகளும் சேர்ந்த ஒப்பந்தம் 2013இல் கையெழுத்தானது. மதிப்பு 6.3 பில்லியன் ரிங்கிட். மாநிலத்தின் ஓராண்டுச் செலவைப் போல ஆறு மடங்கு. அதைக் கட்டுபவருக்குக் காசாகக் கொடுப்பதாக ஏற்பாடில்லை, நிலமாகக் கொடுப்பதாக ஏற்பாடு. காசு பெட்டியிலிருந்து வெளியே போகாததால் வழக்கமான செலவுக் கணக்கைப் புரட்டுகிறவருக்கு அது கண்ணில் படாது. நிலத்துக்கு யார் விலை மதித்தார்கள், எந்தத் தேதி விலை, பத்தாண்டு கழித்து அந்த நிலம் என்ன விலை போகும் என்றெல்லாம் கேட்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு நகையை விற்றவரிடம் ‘செலவே ஆகவில்லை, கையிலிருந்து ஒரு காசு போகவில்லை’ என்று யாராவது சொன்னால் சிரிப்பார். நிலமாற்று ஒப்பந்தம் என்றால் மட்டும் தலையாட்டிவிடுகிறோம்.

என் வீட்டு முன்னால் இருக்கும் சாலை யாருடையது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். தப்பான இலாகாவுக்கு எழுதினால் உங்கள் கடிதம் ஆறு மாதம் சுற்றிவிட்டு ‘எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல’ என்ற ஒரு வரியோடு திரும்பும்.

சாலை ஓரத்துக் கிலோமீட்டர் பலகையைப் பாருங்கள். எண் மட்டும் இருந்தால் கூட்டரசுச் சாலை, அதாவது மத்திய அரசாங்கத்தின் சாலை. எண்ணுக்கு முன்னால் ‘பி’ (P) எழுத்து இருந்தால் பினாங்கு மாநிலச் சாலை. ‘இ’ (E) என்றால் விரைவுச்சாலை, பினாங்குப் பாலம் இ36, இரண்டாவது பாலம் இ28. தாமானுக்குள் எந்தப் பலகையும் இல்லாத சாலை பெரும்பாலும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. மாநிலச் சாலைப் பராமரிப்புக்கு மத்திய அரசாங்கம் சாலையின் நீளத்தையெல்லாம் கணக்கிட்டு மானியம் தருகிறது. அதனால் உங்கள் தெரு அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பது முக்கியமான கேள்வி. எங்கள் தாமானில் ஒரு குறுக்குத்தெரு, வீடுகளைக் கட்டிய மேம்பாட்டாளரிடமிருந்து மன்றத்திடம் முறைப்படி ஒப்படைக்கப்படாமலே பல ஆண்டு கிடந்தது. குழிக்கு யார் பொறுப்பு என்று ஆளுக்கு ஆள் கைகாட்டினார்கள். குழி மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல் வளர்ந்தது.

கால்வாய் இன்னும் சிக்கல். வீட்டு முன் உள்ள சின்னக் கால்வாய் மாநகர் மன்றம். ஆறும் பெரிய வடிகாலும் வடிகால் நீர்ப்பாசன இலாகா. வெள்ளத் தடுப்புப் பெருந்திட்டம் என்று வந்தால் பெரும்பாலும் மத்தியப் பணம். தண்ணீர் இந்தப் பிரிவினையை எல்லாம் பார்த்து ஓடுவதில்லை. ஆகவே ஒரே கடிதத்தை மூன்று இடத்துக்கும் நகல் போட்டு அனுப்புங்கள். யார் யாருக்கு நகல் போயிருக்கிறது என்பதைக் கடிதத்தின் அடியில் காட்டுங்கள்.

எழுதினால் யாராவது படிக்கிறார்களா?

தீவின் தெற்கே கடலைத் தூர்த்து மூன்று செயற்கைத் தீவுகள் உண்டாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 4,500 ஏக்கர். அதன் சுற்றுச்சூழல் அறிக்கை 2019இல் நிபந்தனைகளோடு ஒப்புதல் பெற்றது. மீனவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. பிறகு புதிய அறிக்கை போட்டார்கள். அதற்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் மூன்று தீவு ஒரு தீவாகச் சுருங்கியது. இன்று சிலிக்கான் தீவு என்று சொல்வது அதைத்தான். மீனவர்கள் கேட்டது இது அல்ல. ஒரு தீவும் வேண்டாம் என்றுதான் கேட்டார்கள். இருந்தாலும் வலையும் படகும் வைத்திருந்தவர்கள் தாளும் கையில் எடுத்ததால் இரண்டு தீவு வரைபடத்திலிருந்து போனது.

ஆட்சேபத்தில் என்ன எழுத வேண்டும்?

உங்கள் கண்ணால் பார்த்ததை, அளந்ததை எழுதுங்கள். ‘மக்கள் பெரும் அவதிக்குள்ளாகிறார்கள், ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்’ என்ற வரி எங்கள் பழைய கோப்பில் ஒன்பது கடிதங்களில் இருக்கிறது. ஒன்பதுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது.

பத்தாவது கடிதம் வேறு விதமாகப் போனது. பக்கத்து வரிசையில் ஓர் அம்மா இருக்கிறார், காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முன்தூணில் ஒரு பக்கம் பேரப்பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். மறுபக்கம் வெள்ளம் ஏறிய உயரம், கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. 2017 நவம்பர் 5ஆம் தேதிக் கோடு, அன்றைக்கு இரண்டு வயதாக இருந்த பேரனின் கோட்டுக்கு மேலே இருக்கிறது. மாநிலம் முழுவதும் தண்ணீரில் நின்ற நாள் அது, யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் தூணில் அதற்குப் பின்னும் ஐந்து கோடுகள் இருந்தன. எந்தச் செய்தியிலும் வராத வெள்ளங்கள்.

மேட்டில் இருந்த காலி நிலத்தை வீடமைப்புக்கு மாற்றும் வரைவு வந்தபோது அந்தத் தூணைப் படம் எடுத்து, பக்கத்தில் அளவு நாடாவை நிறுத்தி வைத்து, ஆட்சேபத்தோடு இணைத்தோம். விசாரணை அறையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் நீதி, நியாயம், தேர்தல் வாக்குறுதி எல்லாம் பேசினார்கள். குழுவினர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பேனா அசையவில்லை. அந்த அம்மா படத்தை நீட்டினார். நடுவில் இருந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ‘இந்தக் கோடு தரையிலிருந்து எவ்வளவு?’ என்றார். அம்மா நாடாவைக் காட்டினார். பேனா அசைந்தது.

நிலம் வீடமைப்புக்கு மாறத்தான் செய்தது. ஆனால் திருத்திய வரைபடத்தில், கீழே எங்கள் பக்கம் வரும் மதகு அகலமாகியிருந்தது.

தமிழில் எழுதலாமா?

வீட்டில் தமிழில் பேசி முடிவு செய்யுங்கள், தாளில் மலாயில் எழுதுங்கள். அதுதான் அலுவல் மொழி. எழுத வராதவர்கள் படிவம் ஆறு படிக்கும் பிள்ளையைப் பிடியுங்கள். கட்டுரைப் பயிற்சியாகவும் இருக்கும்.

சங்கத்தின் பெயரில் ஒரே மனுவாகக் கொடுத்தால் பலம் இல்லையா?

நாற்பது பேர் கையெழுத்திட்ட ஒரு மனு பதிவேட்டில் ஓர் ஆட்சேபமாக ஏற வாய்ப்பு உண்டு. நாற்பது பேர் தனித்தனியாக எழுதினால் நாற்பது. ஒரே வாசகத்தை நகல் எடுத்து நாற்பது பேர் போடாதீர்கள், அது தெரிந்துவிடும். மூலைவீட்டுக்காரர் மூலைவீட்டுக் கதையை எழுதட்டும்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. அமைச்சரை விழாவுக்கு அழைத்து, மாலை போட்டு, மகஜரைக் கையில் கொடுத்து, படம் எடுத்து, படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது. சாமிவேலு பொதுப்பணி அமைச்சராக இருந்த காலத்தில் வளர்ந்த தலைமுறை அது. சாலை என்றாலே அவர் முகம்தான் நினைவுக்கு வரும். நான் மாலையைக் குறை சொல்லவில்லை. மறுநாள் காலை அதே மகஜரை இலாகாவின் முகப்பில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வாருங்கள். பின்னால் யாராவது வரவில்லை என்று சொன்னால் காட்டுவதற்கு முத்திரை வேண்டும், மாலை உதவாது.

தமிழ்ப்பள்ளிக் கட்டடம், கோயில் நிலம் இதில் வருமா?

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கல்வி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு, ஆகவே புதுக் கட்டடம் என்றால் கல்வி அமைச்சு. ஆனால் நிலம் மாநிலத்தின் அதிகாரம். மாநில அரசும் பள்ளிகளுக்கு உதவி நிதி தருகிறது. பள்ளி வாரியங்கள் தவறவிடுவது உள்ளூர்த் திட்டத்தை. பள்ளிக்குப் பக்கத்து நிலம் அதில் என்ன நிறத்தில் இருக்கிறது, அந்த நிறம் எந்தப் பயன்பாட்டைக் குறிக்கிறது என்று பாருங்கள். இன்று காலியாக இருக்கும் இடத்துக்கு நாளை லோரிச் சாலை வரலாம். கோயில்களுக்கும் இதே எச்சரிக்கை. இந்து அறப்பணி வாரியத்தின் கீழ் இல்லாத சிறு கோயில்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

ஆவணம் கேட்டால் தர மறுக்கிறார்களே?

பினாங்கில் 2010ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சிலாங்கூரைப் போல நாட்டில் முன்னோடி மாநிலங்களில் நாமும் ஒன்று. மாநில அமைப்புகளிடம் படிவம் நிரப்பிக் கட்டணம் கட்டிக் கேட்கலாம். மத்திய இலாகாக்களை அது கட்டுப்படுத்தாது. அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்திய தாளும் கிடைக்காது. ‘திட்டம் பற்றிய எல்லா விவரமும்’ என்று கேட்காதீர்கள். இந்தத் தேதி, இந்தக் கூட்டம், இந்த வரைபடம் என்று கேளுங்கள்.

கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பிக்கும் இது பொருந்துமா?

பாதிதான். 1974இல் கூட்டரசுப் பிரதேசமானதிலிருந்து அங்கே மாநிலச் சட்டமன்றமே கிடையாது. மேயர் நியமனம். ஆனால் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் நகரத் திட்டங்களுக்கு ஆட்சேபம் எழுதலாம், விசாரணையில் பேசலாம். தம்பி அந்த அறிவிப்புகளைக் கவனிக்கட்டும்.

விசாரணைக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

அடையாள அட்டை, ஆட்சேபக் கடிதத்தின் நகல், அழைப்புக் கடிதம், படங்களில் மூன்று பிரதி. நீளக் காற்சட்டை, மூடிய காலணி. ஜப்பான் சிலிப்பரோடு போன ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அறையில் குளிர்சாதனம் பல்லை நடுங்க வைக்கும், வயதானவர்களுக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது என்று போட்டிருந்தால் உங்கள் முறை பன்னிரண்டுக்கு வரலாம். தூணில் கோடு போட்ட அந்த அம்மா பையில் பிஸ்கட்டும் ஃபிளாஸ்கில் டீயும் கொண்டுவந்திருந்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருந்த மீனவர் ஒருவருக்கும் அதில் பங்கு கிடைத்தது.